நூற்றுப் பதினேழாம் இலக்கம்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டித் தீர்த்துவிட்டு என் பாட்டுக்குக் கிடந்திருப்பேன். எல்லாரும் நல்லவர்கள். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

போர் நிறுத்தம் வந்த வருடம் அது. எனக்கு இருபத்தொன்பது வயது. கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்து, உயர்தரம் வரைக்கும் படித்து, கடைசியில் கட்டுகஸ்தோட்டைப் புடவைக்கடை ஒன்றில் சீலை மடித்துக்கொண்டிருந்தேன். பெயர் வடிவம்மா. பெயரில் மட்டும்தான் வடிவு இருக்கிறது என்று கடை முதலாளி மர்சூக் நானா கேலி பண்ணுவார். ஆனால் பேப்பரில் வந்த விளம்பரத்தை வெட்டி என் கையில் கொடுத்ததும் அவர்தான். தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் இரத்தச்சோகை பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கப் போகிறதாம், தமிழ் பேசி எழுதத் தெரிந்த பெண்கள் வேண்டுமாம். போனேன். எடுத்துவிட்டார்கள்.

ஆராய்ச்சிக்குத் தலைவி ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியை. கிழக்கு ஆப்பிரிக்காவில் தேயிலை விளைகிற ஒரு நாட்டில் பதினொரு வருடம் இதே ஆராய்ச்சி செய்தவர். அங்கே கேட்ட அதே கேள்விகளைத்தான் தமிழில் மாற்றி எங்களிடம் தந்தார். உங்களிடம் எத்தனை மாடு உண்டு, கூரை புல்லா தகரமா, கிணற்றுக்கு எத்தனை மணி நேரம் நடக்கிறீர்கள், வீட்டுக்காரருக்கு எத்தனை மனைவி. கடைசிக் கேள்விக்கு, ஒரு லயத்தில் மனைவிக்குப் பதிலாக வாய் திறந்த கறுப்பையா தாத்தா, ஒன்றைக் கட்டியே பாதி ஆயுசு போய்விட்டது, இன்னொன்று வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லு என்றார். நான் "ஒன்று" என்று எழுதினேன். சிரித்தபடி தொடங்கிய வேலைதான்.

வேலை இதுதான். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சின்னப் பெட்டி ஒன்றில் வைத்தால் அது ஓர் எண்ணைக் காட்டும். பன்னிரண்டுக்கு மேல் என்றால் நல்ல இரத்தம். ஏழுக்குக் கீழே போய், வயிற்றில் பிள்ளையும் இருந்தால், அந்தப் பெண்ணை அன்றைக்கே எங்கள் வேனில் ஏற்றிக் கண்டிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை, குறைந்தவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம். மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குத் தேத்தண்ணி குடிக்கக் கூடாது என்று வேறு சொல்ல வேண்டும். காலையில் இருந்து தேத்தண்ணியிலேயே உயிர் ஓடுகிற சனத்திடம் போய் இதைச் சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யாரிடம் இரத்தம் எடுப்பது என்பதைப் பேராசிரியை கொழும்பில் இருந்துகொண்டே சீட்டுப் போட்டு எடுத்தார். எதிலிருந்து என்றால், தோட்டத்துச் செக்ரோலில் இருந்து. அதாவது பேர் பதிந்த தொழிலாளர் பட்டியல். அந்தப் புத்தகத்தில் பேர் உள்ளவர்தான் தோட்டத்தில் ஆள். மற்றவர்கள் எல்லாம் காற்றும் மழையும் போலச் சும்மா இருந்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் தோட்டத்தின் முறை மாசி மாதத்தில் வந்தது. வேலைக்கு வந்தவர்கள் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் எங்கள் மேற்பார்வையாளர் மயில்வாகனம் ஐயா. யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற சுகாதாரப் பரிசோதகர், கண்டியிலேயே தங்கிவிட்டவர். மேசைக்கு எதிரே செக்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கப்பிள்ளை மூக்கையா. அவர் பேரைக் கூப்பிடுவார், பெண்கள் கொழுந்துக் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வருவார்கள், நான் இலக்கம் போட்ட அட்டை கொடுத்து எழுதுவேன்.

நூற்றுப் பதினேழாவதாக அவர் கூப்பிட்ட பேர் அங்கம்மா. வந்து நின்றவள் பாப்பம்மா.

பாப்பம்மா என்னோடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரே வாங்கில் இருந்தவள். அங்கம்மா அவளுடைய அக்கா. அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேர் பதிந்த ஆள் வேலைக்கு வராவிட்டால் பேரை வெட்டுவார்கள், பேர் போனால் லயத்து வரிசை வீட்டில் இருக்கிற காம்பரா அறையையும் விடச் சொல்வார்கள். அந்த ஒற்றைக் காம்பராவில் அங்கம்மாவின் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். பாப்பம்மாவின் பேரைப் பதியவும் வழி இல்லை. புதுப் பேர் பதிவதைத் தோட்டம் நிறுத்தி நாலு வருடம். அதனால் தங்கச்சி அக்காவின் பேரில் கொழுந்து பறித்தாள். மூக்கையாவுக்குத் தெரியும். லயமே அறியும். தோட்டத்தை நடத்துகிற துரைக்கு மட்டும் தெரியாது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதினமில்லை. பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் பிழைக்கிற பிழைப்பு.

நான் ஒரு நொடி பேனாவைத் தூக்கிப் பிடித்தேன். பாப்பம்மா என்னைப் பார்த்தாள். மூக்கையா செக்ரோலைப் பார்த்தார். நான் "அங்கம்மா, வயது நாற்பத்தொன்று" என்று எழுதினேன். அவளுக்கு என் வயதுதான்.

விரலைக் குத்தினேன். இரத்தம் வரவே யோசித்தது. பெட்டி ஆறு புள்ளி இரண்டு என்று காட்டியது. அடுத்த கேள்வி, மாசமாக இருக்கிறீர்களா என்பது. தோட்டத்து மருந்துக்கூடப் பதிவில் அங்கம்மா குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்தவள் என்று இருந்தது, அந்தத் தாளும் மேசையில்தான் கிடந்தது. பாப்பம்மா இல்லை என்றாள். சொல்லும்போது அவள் கை தானாக இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்கு மேலே போய் நின்றது. அவள் புருசன் இருளப்பன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கு வந்து போயிருந்தான். கணக்குப் போட எனக்கு அரை நிமிசம் போதும். வேன் இருபது அடி தள்ளி நின்றது. டிரைவர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் "இல்லை" என்று எழுதினேன்.

சாயந்திரம் லயத்துக்குப் போனேன். அவள் அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள், அக்காவின் பிள்ளைகள் மூன்றும் சுற்றி உட்கார்ந்திருந்தன. வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வைத்துக் கேட்டேன். மூன்று மாதம் என்றாள். பைத்தியக்காரி, ஆறில் இருக்கிற இரத்தத்தோடு பிள்ளை பெற முடியாது, நாளைக்கே உண்மையைச் சொல்லி வேனில் ஏற்றிவிடுகிறேன் என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"நீ எழுதினா நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் வடிவு. நல்லாப் பாப்பாங்க. திரும்பி வர்றப்ப அக்கா புள்ளைங்க மூணும் ரோட்டுல நிக்கும். ஏங் கண்ணால அதப் பாக்க முடியாது. எழுதாத."

என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் கேட்டாள். கொடுத்துத் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. மறுநாள் மயில்வாகனம் ஐயாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். ஒருத்தி பேரில் இன்னொருத்தி வந்து இரத்தம் கொடுத்துவிட்டால் என்ன செய்வது, ஐயா? அவர் முறுக்கை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை எனக்குத் தந்தார்.

"பேர் எங்களுக்குத் தேவையில்லைப் பிள்ளை. இலக்கம் சரியோ? இலக்கம் சரியெண்டால் எல்லாம் சரி."

அதுதான் அவர்களுடைய ஒழுக்கம். பேர் வெளியே போகக் கூடாது, அது அந்தப் பெண்களுக்குப் பாதுகாப்பு. பேர் எழுதிய தாள் பூட்டிய அலுமாரிக்குள் போய்விடும், அதற்குப் பிறகு ஆள் இல்லை, இலக்கம்தான். நல்ல ஒழுக்கம். நானும் தலையை ஆட்டிவிட்டு முறுக்கைத் தின்றேன்.

கடிதம் இருந்ததே என்று கேட்பீர்கள். கடிதத்தில் இருந்த பேர் அங்கம்மா, பாப்பம்மாவின் அடையாள அட்டையில் இருந்த பேர் பாப்பம்மா. கடிதம் அரிசி டின்னுக்கு அடியில் போயிற்று. என் பேச்சைக் கேட்டு ஒரு நாள் தன் சொந்தப் பேரிலேயே கலஹாவுக்கு இறங்கிக் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். எந்தத் தோட்டம், உங்கள் பிரிவுக்குப் பிரசவம் பார்க்கிற மிட்வைப் யார், அவர் மாசமானவர்களைப் பதிந்து கொப்பி கொடுத்திருப்பாரே என்று கேட்டார்களாம். மிட்வைப் அம்மா வாரம் தவறாமல் பெரட்டுக்களத்துக்கு வருகிறவர். அங்கம்மா என்று கூடை சுமப்பவளைப் பாப்பம்மா என்று எப்படிப் பதிவார்? கொப்பியை மறந்து வைத்துவிட்டேன், எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள். நான் கூடப் போயிருந்தால் ஒரு வாய் பேசியிருப்பேன். போகவில்லை. எனக்கு அன்றைக்கு வேறொரு தோட்டத்தில் ஐம்பது விரல் குத்த இருந்தது.

மாத்திரை மட்டும் மாதாமாதம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டால் குமட்டுகிறது என்றாள். போடு என்றேன். பாதி போட்டாள், பாதியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தாள். வயிறு பெரிதாகப் பெரிதாகப் படங்கை மேலே ஏற்றிக் கட்டினாள். லயத்துப் பெண்கள் மலையில் அவளைச் சுற்றி நின்று, அவள் கூடையிலும் ஆளுக்கு ஒரு கை கொழுந்து போட்டு, துரை வந்தால் மறைத்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒருத்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு கொன்றோம்.

ஆடி மாதம், எட்டாவது மாதத்தில், மத்தியானக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போது தராசுக்குப் பக்கத்திலேயே இரத்தம் போகத் தொடங்கியது. நிறுத்து முடிய விட்டுத்தான் கொழுந்து லொறியைக் கொடுத்தார்கள். கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். கலஹா கடந்து பேராதனைப் பக்கம் லொறி திரும்பும்போதே எல்லாம் முடிந்துவிட்டதாம். ஆறு புள்ளி இரண்டில் இருந்தவளிடம் போவதற்கு இரத்தம் எங்கே இருந்தது? பிள்ளையும் நிற்கவில்லை.

பேர் பதிந்தவர் செத்தால் தோட்டம் சவப்பெட்டிக்குப் பலகை கொடுக்கும். பாப்பம்மாவுக்குக் கொடுக்கவில்லை. அவள்தான் செக்ரோலில் இல்லையே. இரண்டு வருடம் அந்த மலையைப் பறித்துத் துடைத்தவளுக்கு லயத்தார் காசு போட்டுப் பெட்டி வாங்கினார்கள். அங்கம்மாவுக்கு மட்டும் மூக்கையா சுகமில்லா லீவு போட்டுவைத்தார். செத்தவளுக்கு லீவு போட்ட கணக்கப்பிள்ளை உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். போடும்போது அழுதார், அதையும் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் நாள் குவைத்திலிருந்து அங்கம்மா வந்து இறங்கினாள். மறுநாள் தன் பேருக்குத் தானே கூடையை எடுத்தாள். செக்ரோலில் ஒரு நாள்கூட இடைவெளி விழவில்லை. காம்பரா தப்பியது.

ஆறு மாதம் முடிந்து இரண்டாவது சுற்று வந்தது. அதே பெரட்டுக்களம், அதே மேசை. மூக்கையா அங்கம்மா என்று கூப்பிட்டார். இந்த முறை வந்து நின்றவள் அங்கம்மாவேதான். தங்கச்சிக்குக் கொடுத்திருந்த அட்டையை நீட்டினாள். நூற்றுப் பதினேழு.

குத்தினேன். குவைத்தில் அந்த வீட்டுக்காரி வேலை வாங்கினாலும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை போலும். பெட்டி பன்னிரண்டு புள்ளி ஒன்பது என்று காட்டியது. மயில்வாகனம் ஐயா எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். ஆறிலிருந்து பன்னிரண்டு. என் முதுகில் தட்டி, மாத்திரையைத் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தது நீர்தான் பிள்ளை, இது உம்முடைய வெற்றி என்றார். மூக்கையா செக்ரோலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் எழுதினேன். வேறு என்ன செய்வேன்? வாயைத் திறந்தால் இரண்டு வருடப் பொய்யும் வெளியே வரும், பாப்பம்மா எதற்காகச் செத்தாளோ அந்தக் காம்பராவும் போகும்.

மார்கழியில் கண்டி வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் முடிவை வெளியிட்டார்கள். குளிர்பதன அறை, வெள்ளைத் துணி போட்ட மேசை, தோட்டத்துத் துரைமார் முன் வரிசையில். எங்கள் துரையும் அங்கேதான் உட்கார்ந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தார். திரையில் நூற்றுக்கணக்கான கோடுகள். ஒரே ஒரு கோடு மட்டும் சிவப்பில், எல்லாக் கோட்டையும் வெட்டிக்கொண்டு செங்குத்தாக மேலே ஏறியது. பேராசிரியை அதைக் கையால் தொட்டுக் காட்டினார். மயில்வாகனம் ஐயா எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இந்தத் தாயின் பேர் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. வெறும் மாத்திரையால் ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு வந்தவர் இவர். இந்த ஆராய்ச்சிக் காலத்தில் பங்குபற்றிய ஒரு பெண்கூட இறக்கவில்லை. ஆகவே அடுத்த வருடம் ஆப்பிரிக்காவில் ஓடுகிற வேனை நிறுத்திவிட்டு, அந்தக் காசுக்கும் மாத்திரையே வாங்கிக் கொடுக்கப் போகிறோம்.

எல்லாரும் கை தட்டினார்கள். துரை ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

முகம் தெரியாத அந்த நாட்டில், கூரை தகரமா புல்லா என்று தெரியாத ஏதோ ஒரு வீட்டில், எவளோ ஒருத்தி வராத வேனுக்காகக் காத்துக் கிடப்பாள். காரணம் என் கையெழுத்து. முன் வரிசையில் துரை இருந்ததால் சபையில் எழுந்து சொல்லத் தைரியம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பேராசிரியையை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு, மயில்வாகனம் ஐயாவை மொழிபெயர்க்கவைத்து, முழுவதையும் கக்கினேன். தோட்டத்துக்குச் சொல்லக் கூடாது என்று கும்பிட்டும் கேட்டேன். ஐயா பாதியில் நிறுத்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் அன்றைக்கு நான் கேட்ட கேள்வியை நினைத்திருப்பார்.

பேராசிரியையின் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்து, யாருக்கும் சொல்லமாட்டேன், அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் வராது என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரோடு இருந்த பையனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் நூற்றுப் பதினேழாம் வரியைத் தேடிப் பிடித்து அழித்தான். பிறகு கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுப் பேசியதை ஐயா மெல்ல எனக்குச் சொன்னார்.

"ஒரு ஆளை எடுத்ததால முடிவு மாறேல்லையாம் பிள்ளை. சராசரி அப்பிடியே நிக்குதாம்."

வேன், ஐயா? என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், அதை நிறுத்தத்தான் போகிறார்கள் என்று தலையை ஆட்டினார். செத்தவளும் கணக்கில் இல்லை, பிழைத்தவளும் கணக்கில் இல்லை, கணக்கு மட்டும் சரி. நான் சாப்பிடாமல் இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வேலைக்கும் போகவில்லை.

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போனேன். அங்கம்மா அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்காவது சொல்லாவிட்டால் எனக்கு வெடித்துவிடும் போல இருந்தது. சபையில் நடந்ததைச் சொல்லி, நூற்றுப் பதினேழை எடுத்துவிட்டார்கள் அக்கா என்றேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"பேர வெட்டிட்டாங்களா? செக்ரோல்லயா?"

இல்லை, அவர்களுடைய கம்ப்யூட்டரில் மட்டும், காம்பராவுக்கு ஒன்றும் ஆகாது என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். விரலை மடித்துக் கணக்குப் போட்டாள்.

"மாசின்னா மூணு மாசம். மொதல்ல ரத்தம் எடுத்தன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்றே சொல்லலாம். ஓர் அறை விழுந்திருந்தால் அந்த வலியைப் பிடித்துக்கொண்டாவது நான் மிச்ச நாளைத் தள்ளியிருப்பேன். உள்ளே பிள்ளைகள் மூன்றும் ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"நான் இங்க இருந்திருந்தாலும் எழுதாதன்னுதான் சொல்லியிருப்பேன் வடிவு."

மத்தியான வேலைக்குக் கொம்பு ஊதியது. அவள் எழுந்து படங்கைக் கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு, பேர் கொடுப்பதற்காகப் பெரட்டுக்களத்துப் பக்கம் நடந்தாள்.